மூடுவதும் அவற்றின் வேலையே

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செல்லுக்குள் செய்தி கடத்தும் சிறு புரதங்களைப் பற்றித் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். இத்தகைய பொருளுக்குத் தமிழ் நாளிதழ் ஒன்று முழுப் பக்கம் ஒதுக்கியது எனக்கு உண்மையான மகிழ்ச்சியைத் தந்தது. கன்னியாகுமரி மாவட்டத்தின் மேல்நிலைப் பள்ளிகளில் முப்பத்திரண்டு ஆண்டுகள் விலங்கியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். வெங்காயத் தோலையும் கன்னத்தின் உட்புறச் செல்களையும் நுண்ணோக்கியின் அடியில் வைத்து, செல் என்பது இதுதான் என்று பல தலைமுறைப் பிள்ளைகளுக்குக் காட்டியவன். அந்தப் பொறுப்போடுதான் இக்கடிதத்தை எழுதுகிறேன். கட்டுரையின் தகவல்களில் பெரும்பாலானவை சரியானவை. ஆனால், இந்தப் புரதங்களை அது ‘நோயைப் பரப்பும் குற்றவாளிகள்’ என்று அழைத்ததும், இவற்றை முடக்கும் மருந்து கிடைத்துவிட்டால் சிக்கல் தீர்ந்துவிடும் என்ற எண்ணத்தை வாசகர் மனத்தில் பதித்ததும் பிழை. இவை இயங்கி முடித்து அடங்க முடியாமற்போகும்போதும் நோய் வருகிறது; இயங்கவே முடியாமற்போகும்போதும் வருகிறது. கட்டுரை முதல் பாதியை மட்டும் சொல்லி நின்றுவிட்டது.

ராஸ், ரோ, ராப், ஆர்ஃப், ரான் என்று ஐந்து குடும்பங்களாகப் பகுக்கப்படும் இவற்றில் மனிதரிடம் மட்டும் நூற்றைம்பதுக்கும் மேற்பட்டவை உள்ளன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ இருநூறு அமினோ அமிலங்களால் ஆனது. ஹீமோகுளோபினில் 574 இருப்பதோடு ஒப்பிட்டால் ‘சிறு’ என்ற அடைமொழி ஏன் வந்தது என்பது விளங்கும். செல்லின் உருவத்தைத் தாங்கும் சட்டகத்தை, குறிப்பாக அதிலுள்ள ஆக்டின் என்னும் புரதத்தாலான இழைகளை, ரோ குடும்பம் ஆளுகிறது. சவ்வினாலான நுண்பைகளில் பொருள்களை ஏற்றி, உரிய அறையில் இறக்கும் போக்குவரத்தை ராப் குடும்பமும் ஆர்ஃப் குடும்பமும் ஆளுகின்றன. ராப் மட்டுமே அறுபதுக்கும் மேல் இருக்கின்றன.

இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு இயங்கும் முறை ஒன்றுதான். புரதத்தின் குழிவில், மூன்று பாஸ்பேட்டுகள் கொண்ட குவானோசின் டிரைபாஸ்பேட் என்னும் சிறு மூலக்கூறு அமர்ந்திருக்கும்வரை அது விழித்திருக்கும். அதிலிருந்து ஒரு பாஸ்பேட் பிரிந்து டைபாஸ்பேட்டாக மாறியதும் ஓய்ந்துவிடும். (இவ்விரண்டையும் ஆங்கில முதலெழுத்துகளைக் கொண்டு சுருக்கித் தமிழில் எழுதினால் இரண்டுமே ‘ஜிடிபி’ என்று ஒன்றாகிவிடுகின்றன. கட்டுரையின் இரண்டாம் பத்தியைப் படித்த என் பழைய மாணவர்கள் சிலர் குழம்பியதற்கு இதுவே காரணம். ஆகையால் நான் முப்பாஸ்பேட், இருபாஸ்பேட் என்றே எழுதுகிறேன்; தாங்களும் இனி அவ்வாறே அச்சிட்டால் நல்லது.) விழிப்பிலிருந்து ஓய்வுக்கும் ஓய்விலிருந்து விழிப்புக்கும் மாறுவதைப் புரதத்தின் பொறுப்பில் விட்டால் மிக மெதுவாகவே நடக்கும். ஆகவே இருவகைத் துணைப் புரதங்கள் உதவுகின்றன. ஒருவகை, குழிவைத் தளர்த்திப் பழைய இருபாஸ்பேட்டை வெளியேற்றுகிறது. செல்லுக்குள் இருபாஸ்பேட்டைவிட முப்பாஸ்பேட் ஏறத்தாழப் பத்து மடங்கு மிகுதியாக இருப்பதால், காலியான இடத்தில் முப்பாஸ்பேட்தான் வந்து அமர்கிறது. மற்றொரு வகை, பாஸ்பேட் பிரிவதை இலட்சம் மடங்குவரை விரைவுபடுத்திப் புரதத்தை ஓயச் செய்கிறது. முன்னவற்றைத் திறப்பவை என்றும் பின்னவற்றை மூடுபவை என்றும் அழைக்கிறேன். ரோ குடும்பத்தில் இருபது புரதங்கள்தாம். அவற்றுக்குத் திறப்பவை எழுபதுக்கும் மேல், மூடுபவை அறுபதுக்கும் மேல். மூடுவதற்கென்றே இத்தனை மரபணுக்களை நம் உடல் காத்து வருகிறது என்பதைக் கட்டுரையாளர் எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன்.

நாஞ்சில் நாட்டு உழவர் எவருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. என் தந்தையாரின் வயல் சுசீந்திரத்துக்குத் தெற்கே கடைமடையில் இருந்தது. பேச்சிப்பாறையிலும் பெருஞ்சாணியிலும் போதிய தண்ணீர் இருந்த ஆண்டுகளிலும் கன்னிப்பூப் பயிருக்கு எங்களுக்குத் தண்ணீர் எட்டாமற்போனதுண்டு. மேலே உள்ளவர் தம் முறை முடிந்தும் மடையை அடைக்காமல் விட்டதே காரணமாக இருக்கும். அவருடைய வயலிலோ தண்ணீர் தேங்கி நாற்று அழுகும். ஒரே மடை மூடப்படாததால் மேலே ஒரு வயலும் கீழே பல வயல்களும் கெட்டதை, இரவில் தந்தையாருக்குத் துணையாக விளக்கைப் பிடித்துக்கொண்டு நடந்த சிறு வயதிலேயே கண்டிருக்கிறேன். அதற்காக அந்த மடையைக் கல் வைத்து நிலையாகக் கட்டிவிட வேண்டும் என்று ஊரில் எவரும் சொன்னதில்லை.

செல்லின் சட்டகத்தில் இது எப்படி நிகழ்கிறது என்பதை முதலில் தெளிவாகக் காட்டியவர்கள் லண்டனில் பணியாற்றிய ஆன் ரிட்லியும் ஆலன் ஹாலும் ஆவர். வளர்ச்சிப் பொருள்கள் இல்லாமல் அடங்கிக் கிடக்கும்படி வைக்கப்பட்ட சுண்டெலியின் இணைப்புத்திசுச் செல்களுக்குள் மிக நுண்ணிய ஊசியால் இப்புரதங்களைச் செலுத்தி, 1992-ஆம் ஆண்டில் அவர்கள் முடிவுகளை வெளியிட்டார்கள். ரோ செலுத்தப்பட்ட செல்லில் ஆக்டின் இழைகள் வடம்போல் தடித்த கற்றைகளாகத் திரண்டு, செல்லை அது ஒட்டியிருந்த தளத்தோடு இறுக்கிப் பிடித்தன. அதே குடும்பத்தைச் சேர்ந்த ராக் செலுத்தப்பட்ட செல்லின் விளிம்போ சேலைக் கொசுவம்போல் மடிந்து மடிந்து அலைந்தது. மூன்றாவதான சிடிசி42, விரல்போன்ற மெல்லிய நீட்சிகளை எழுப்புகிறது என்பதை 1995-இல் காத்தரின் நோப்ஸும் ஹாலும் காட்டினார்கள். இப்போது இதன் உள்வழியும் தெரியும். விழித்த ராக், இடைப்பட்ட சில புரதங்களின் வாயிலாக, ஏழு புரதங்கள் சேர்ந்த ஆர்ப்2/3 என்னும் கூட்டைத் தூண்டுகிறது; அது பழைய ஆக்டின் இழையின் பக்கத்தில் ஏறத்தாழ 70 பாகைக் கோணத்தில் புதிய கிளையைத் தொடங்கிவைக்க, கிளைகள் நீண்டு சவ்வை முன்னே தள்ளுகின்றன. ரோ, தன் பெயரையே தாங்கிய ரோ கைனேஸ் என்னும் நொதியின் வாயிலாக, ஆக்டின் இழைகளை இழுக்கும் மயோசின் என்னும் புரதத்தை முடுக்கி, செல்லின் பின்புறத்தைச் சுருக்குகிறது. காயம்பட்ட இடத்தை நோக்கி ஒரு வெள்ளையணு ஊர்ந்து செல்வது, முன்பக்கத்தில் ராக்கும் பின்பக்கத்தில் ரோவும் மேலோங்கியிருப்பதால்தான். இனி, ராக் ஓயவே முடியாதபடி திரிந்துவிட்டது என்று கொள்வோம். அந்தச் செல் சுற்றிலும் விளிம்பை விரித்துக்கொண்டு, திசை தெரியாமல் இருந்த இடத்திலேயே இருக்கும். ராக்கை இயங்கவிடாமல் தடுத்துவிட்டாலும் அது முன்னே நகராது.

போக்குவரத்தின் கதை, நம் வீடுகளில் ஆப்ப மாவைப் புளிக்க வைக்கும் அதே ஈஸ்ட்டில் தொடங்கியது. அமெரிக்காவில் ராண்டி ஷெக்மனும் அவருடைய மாணவர் பீட்டர் நோவிக்கும், வழக்கமான வெப்பத்தில் நன்றாக வளர்ந்து 37 பாகை செல்சியஸில் மட்டும் பொருள்களை வெளியேற்ற முடியாமல் தேங்கிவிடும் ஈஸ்ட் திரிபுகளைத் தேடியெடுத்தார்கள். 1980-க்குள் அத்தகைய 23 மரபணுக்கள் அடையாளம் காணப்பட்டன. அவற்றில் நான்காவதான செக்4 பழுதான செல்லில், சேரவேண்டிய இடத்தருகே வந்தும் சவ்வோடு இணைய முடியாத நுண்பைகள் நிறைந்து கிடந்தன. அந்த மரபணு ராஸைப் போன்ற ஒரு சிறு புரதத்துக்கு உரியது என்பது 1987-இல் தெரிய வந்தது. இன்று அதை ராப் குடும்பத்தில் வைக்கிறோம். நுண்பைப் போக்குவரத்தை விளக்கியதற்காக ஷெக்மன், ஜேம்ஸ் ராத்மன், தாமஸ் சுதாஃப் ஆகிய மூவருக்கும் 2013-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது.

என் வாதத்துக்கு இதில் மிகத் தெளிவான சான்று ஆர்ஃப் குடும்பத்தில் இருக்கிறது. செல்லுக்குள் பொருள்களைப் பிரித்து அனுப்பும் கோல்கை உறுப்பின் சவ்விலிருந்து ஒரு நுண்பை மொட்டுவிட வேண்டுமானால், விழித்த ஆர்ஃப் அந்தச் சவ்வில் பதிந்து, மேலே ஒரு புரத உறையைப் போர்த்த வேண்டும். உறைதான் சவ்வை வளைத்துப் பையாக்குகிறது. பை பிரிந்த பிறகு ஆர்ஃப் ஓய வேண்டும். அது ஓய்ந்தால்தான் உறை கழலும். உறை கழன்றால்தான் பை தன் இலக்குச் சவ்வோடு கலக்க முடியும். ஓய இயலாதபடி ஆர்ஃபைத் திருத்தி ஆய்வகத்தில் சோதித்தபோது, பைகள் உருவாயின. ஆனால் உறை கழலாமல், எங்கும் இறக்கப்படாமல் நின்றுவிட்டன. அந்தப் புரதம் விழித்தேதான் இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டுகிறேன்.

சர்க்கரை நோய் இல்லாத தெரு நம் மாவட்டத்தில் இல்லை என்பதால், இன்னொரு சான்றைச் சற்று விரித்துச் சொல்கிறேன். நாம் உண்டபின் இரத்தத்தில் ஏறும் குளுக்கோஸைத் தசைச் செல்கள் உள்ளே இழுத்துக்கொள்ள, குளுட்4 என்னும் வாயிற்புரதம் செல்லின் மேற்பரப்புக்கு வர வேண்டும். மற்ற நேரங்களில் அது நுண்பைகளில் ஏற்றப்பட்டுச் செல்லுக்குள் காத்திருக்கிறது. அந்தப் பைகளை நகர்த்தும் ராப்களை ஓய்விலேயே வைத்திருப்பது ஏஎஸ்160 என்ற மூடும் புரதம். இன்சுலின் வந்து செல்லைத் தொட்டதும், உள்ளே செல்லும் செய்தி இந்த மூடுபவரின் கையைக் கட்டிவிடுகிறது. ராப்கள் விழிக்கின்றன, பைகள் மேலெழுகின்றன, வாயில்கள் திறக்கின்றன. அப்படியானால், மூடும் இந்தப் புரதமே இல்லாதவருக்கு வாயில்கள் எப்போதும் திறந்திருந்து சர்க்கரை குறைவாக இருக்க வேண்டும் என்றுதானே தோன்றும்? கிரீன்லாந்து மக்களிடையே இந்தப் புரதத்தைப் பாதியில் வெட்டிவிடும் மரபணுத் திரிபு பரவலாக இருப்பதை 2014-இல் கண்டறிந்தார்கள். பெற்றோர் இருவரிடமிருந்தும் அதைப் பெற்றவர்களின் தசையில் குளுட்4 குறைந்திருந்தது. உணவுக்குப் பின் சர்க்கரை ஏறியது. இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் அவர்களுக்கு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு மிகுந்திருந்தது. அடைப்பவர் இல்லாத மடையால் பயிர் கெடும் என்று நான் மேலே சொன்னதை, இதைவிடத் தெளிவாக எந்தச் சோதனைச்சாலையும் காட்ட முடியாது என்பது என் கருத்து.

நோய்க்கிருமிகளுக்கு இது நெடுங்காலமாகத் தெரிந்திருக்கிறது. குடலைத் தாக்கும் குளோஸ்ட்ரிடியம் டிஃபிசில் என்னும் பாக்டீரியாவின் நச்சு, ரோ குடும்பப் புரதங்களின்மேல் ஒரு குளுக்கோஸை ஒட்டி அவற்றை இயங்கவிடாமல் செய்கிறது. ஆக்டின் சட்டகம் சரிந்து, குடற்சுவர்ச் செல்கள் உருண்டு பிரிகின்றன. எஸ்கெரிச்சியா கோலை (ஈ.கோலை) பாக்டீரியாவின் சில வகைகளோ நேர்மாறான நச்சைச் சுரக்கின்றன: அது ரோவில் ஒரே ஓர் அமினோ அமிலத்தை மாற்றி, ஓயவே முடியாதபடி செய்துவிடுகிறது. இரண்டும் செல்லுக்குக் கேடுதான். சால்மொனெல்லா இன்னும் நுட்பமானது. அது குடற்செல்லின்மேல் ஒட்டிக்கொண்டு, ராக்கையும் சிடிசி42-ஐயும் விழிக்கச் செய்யும் புரதத்தை ஊசிபோன்ற உறுப்பால் உள்ளே செலுத்துகிறது. சவ்வு கொசுவமாக எழுந்து கிருமியை உள்ளே வாரிக்கொள்கிறது. நுழைந்தபின், அதே கிருமி தான் கொண்டுவந்த இன்னொரு புரதத்தால் அவ்விரண்டையும் ஓயச் செய்து, செல்லின் உருவத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவருகிறது. காசநோய்க் கிருமி போக்குவரத்தைத் தடுக்கிறது. வெள்ளையணு விழுங்கிய கிருமியை அடைத்த பை, முதலில் ராப்5-ஐ ஏந்தி, பிறகு அதை விட்டு ராப்7-ஐ ஏற்று, இறுதியில் லைசோசோம் என்னும் செரிமானப் பையோடு கலந்து செரிக்கப்பட வேண்டும். காசக் கிருமி அந்தப் பையை ராப்5 கட்டத்திலேயே நிறுத்திவைத்து உள்ளே பிழைத்திருக்கிறது.

காலராவும் இந்த வரிசையில் வருகிறது. காலராக் கிருமி ஒரு நச்சைச் சுரந்து நீர்ப்போக்கை உண்டாக்குகிறது என்பதை 1959-இல் கொல்கத்தாவில் சம்புநாத் டே கண்டறிந்தார். அந்த நச்சு, இச்சிறு புரதங்களின் பெரிய உறவினரான ஜி புரதத்தை ஓய முடியாமல் செய்வதால்தான் குடலிலிருந்து நீர் நிற்காமல் கொட்டுகிறது. நச்சு அவ்வாறு செய்வதற்குச் செல்லிலிருந்தே ஒரு துணைப்பொருள் தேவைப்படுவதைப் பின்னர் கண்டார்கள். அந்தத் துணைப்பொருள்தான் ஆர்ஃப். நுண்பைகளில் அதன் சொந்த வேலை தெரியவந்தது அதற்குப் பிறகுதான். குற்றவாளிக்குத் துணை நின்றது என்ற நிலையில் முதலில் அறிமுகமான ஒரு புரதம், செல்லின் அன்றாட வாழ்வுக்கே தேவையானது என்று தெரிந்த இந்த வரலாற்றைக் கட்டுரையாளர் அறிந்திருந்தால் அந்தச் சொல்லைப் பயன்படுத்தியிருக்க மாட்டார் என்று நம்புகிறேன்.

சட்டகத்தையும் போக்குவரத்தையும் கட்டுரை இரண்டு பெட்டிகளில் தனித்தனியே தந்திருந்ததையும் குறிப்பிட வேண்டும். நுண்பைகள் பெரும்பாலும் சட்டகத்தின் இழைகளையும் குழல்களையும் பாதையாகக் கொண்டே நகர்கின்றன. பையையும் பாதையையும் இணைப்பது விழித்த ராப்தான். நம் தலைமுடிக்குக் கருமை தரும் நிறமிப் பைகளின்மேல் ராப்27ஏ அமர்கிறது. அது மெலனோஃபிலின் என்னும் புரதத்தைப் பற்றுகிறது. மெலனோஃபிலின், ஆக்டின் இழையில் நடக்கும் மயோசின் 5ஏ-யைப் பற்றுகிறது. இம்மூன்றில் எது பழுதானாலும் நிறமி செல்லின் நடுவிலேயே குவிந்துவிட, குழந்தையின் முடி வெள்ளிநிறமாகிவிடும். கிரிசெல்லி நோய் என்பது இதுதான். மெலனோஃபிலின் பழுதானால் நிறம் மட்டும் மாறும். மயோசின் பழுதானால் நரம்பு மண்டலமும் பாதிக்கப்படும். ராப்27ஏ பழுதானால், நோய்ச் செல்களைக் கொல்லும் நச்சுப் பைகளை வெள்ளையணுக்களால் வெளியேற்ற முடியாமற்போய்க் குழந்தையின் உயிருக்கே ஆபத்தாகும். தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் இந்நோய் தோன்றும் என்பதாலும், அத்தை மகனையும் மாமன் மகளையும் மணப்பது நம்மிடையே வழக்கிலிருப்பதாலும், பிறவியிலேயே முடி வெளுத்து அடிக்கடி காய்ச்சல் காணும் குழந்தையைப் பெற்றோர் தாமதிக்காமல் குழந்தை மருத்துவரிடம் காட்ட வேண்டும். தங்கள் நாளிதழ் இந்த ஒரு செய்தியை மட்டும் தனியே வெளியிட்டாலும் பயனுண்டு. இங்கே நோய்க்குக் காரணம் ராப் இயங்குவதன்று, இல்லாமற்போவது.

குற்றவாளி என்ற பெயர் எங்கிருந்து வந்தது என்பதையும் நான் அறிவேன். 1982-இல், மனிதரின் சிறுநீர்ப்பைப் புற்றுச் செல்களில் ராஸ் மரபணுவின் ஒரேயோர் எழுத்து மாறி, புரதத்தின் பன்னிரண்டாம் இடத்தில் கிளைசின் என்னும் அமினோ அமிலத்துக்குப் பதிலாக வாலின் வந்திருப்பதைக் கண்டார்கள். அந்த மாற்றத்தால் மூடும் புரதம் வந்து தொட்டும் ராஸ் ஓய்வதில்லை. ராஸ் குடும்பத்தின் அந்தப் பெயர், சட்டகத்தையும் போக்குவரத்தையும் பேணும் உறவினர்கள்மேலும் படிந்துவிட்டது. ஆனால் மருந்தாய்வாளர்கள் நெடுங்காலம் முயன்று கண்ட வழி என்ன? 2021-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற சோட்டோராசிப் என்னும் புற்றுநோய் மருந்து, அதே பன்னிரண்டாம் இடத்தில் சிஸ்டீன் வந்த கேராஸ் (ராஸ் புரதங்களுள் ஒன்று) திரிபை மட்டும், அது இருபாஸ்பேட்டோடு ஓய்ந்திருக்கும் கணத்தில் பற்றிக்கொள்கிறது. அந்தத் திரிபிலும் விழிப்பும் ஓய்வும் முழுவதுமாக நின்றுவிடாததால்தான் அம்மருந்துக்கு இடம் கிடைக்கிறது. திரிபடையாத ராஸை அது தொடுவதில்லை. கண்நீர் அழுத்த நோய்க்கு (கிளாக்கோமா) ஜப்பானில் 2014-இல் வந்த ரிபாசுடிலும் அமெரிக்காவில் 2017-இல் வந்த நெட்டார்சுடிலும் ரோவை முடக்குவதில்லை. அவை அடுத்த படியான ரோ கைனேஸைத் தடுத்து, கண்ணுக்குள் ஊறும் நீர் வடிந்தோடும் சல்லடைத் திசுவின் இறுக்கத்தைத் தளர்த்துகின்றன. சொட்டு மருந்தாக, கண்ணில் மட்டும், குறிப்பிட்ட அளவில் இடப்படுகின்றன.

எனவே தங்களிடம் என் வேண்டுகோள்கள் இரண்டு. கட்டுரையின் தலைப்பிலும் உள்ளேயும் வந்த ‘குற்றவாளிப் புரதங்கள்’ என்ற தொடருக்கு அடுத்த ஞாயிறு இணைப்பில் ஒரு சிறு திருத்தம் வெளியிட வேண்டும். பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் அந்தப் பக்கத்தை வெட்டியெடுத்து ஏட்டில் ஒட்டுகிறார்கள் என்பதைத் தாங்கள் அறிவீர்கள். இனி இப்புரதங்கள் தொடர்பான மருந்துச் செய்தி எது வந்தாலும், அம்மருந்து திறப்பவையைத் தடுக்கிறதா, மூடுபவையைத் தடுக்கிறதா, புரதத்தையே பற்றுகிறதா, அதற்கு அடுத்த படியைப் பற்றுகிறதா என்பதை ஒரு வரியிலேனும் சேர்த்து எழுதுமாறு தங்கள் அறிவியல் பிரிவினரைக் கேட்டுக்கொள்கிறேன். தேவைப்பட்டால், தமிழ்ச் சொற்களைச் சரிபார்த்துத் தருவதற்கு நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற விலங்கியல் ஆசிரியர்,
சுசீந்திரம், கன்னியாகுமரி மாவட்டம்.